உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மூளை நிணநீர்ப் புற்றுநோய்

உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மூளை நிணநீர்ப் புற்றுநோய் என்பது, சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் முதலிய உறுப்புகளை மாற்றிப் பொருத்திக்கொண்டவர்களுக்கு, அறுவைக்குப் பின் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மூளையில் தோன்றக்கூடிய ஓர் அரிய புற்றுநோய் ஆகும். மருத்துவ வழக்கில் இது மூளை லிம்போமா எனப்படுகிறது. பொருத்தப்பட்ட உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருப்பதற்காக வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளப்படும் மருந்துகள் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கின்றன. அவ்வாறு குறைந்த நிலையில், பெரும்பாலான மனிதர்களின் உடலில் தீங்கின்றி உறங்கிக்கிடக்கும் எப்ஸ்டீன்-பார் தீநுண்மி மீண்டும் விழித்தெழுவதே இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

உறுப்பைக் காக்கும் மருந்தே நோய்க்கும் வழிவிடுகிறது என்பதால், இதற்கான சிகிச்சை உறுப்புக்கும் உயிருக்கும் இடையே எடைபோட்டுப் பார்க்க வேண்டிய ஒன்றாக உள்ளது. மேலும், இதன் தொடக்க அறிகுறிகள் பக்கவாதம், காசநோய், மறதி நோய் முதலியவற்றை ஒத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, வேலூர் போன்ற நகரங்களில் உறுப்பு மாற்று செய்துகொண்டு, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற தத்தம் ஊர்களில் வாழ்வோர் பலர். அவர்களுக்கு அறிகுறி தோன்றும்போது முதலில் பார்ப்பவர் உறுப்பு மாற்று வல்லுநராக இல்லாமல், உள்ளூர் மருத்துவராகவே இருப்பார். எனவே இந்நோயைப் பற்றிய பொது அறிவு முதன்மை பெறுகிறது.

பெயரும் வகைப்பாடும்

குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒரு வகை நிணக்கலங்கள் எனப்படும். இவை நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மச்சை முதலிய இடங்களில் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவற்றுள் பி நிணக்கலங்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. டி நிணக்கலங்கள் நோய்க்கிருமி தொற்றிய உயிரணுக்களைக் கண்டறிந்து அழிக்கின்றன. நிணக்கலங்களில் தோன்றும் புற்றுநோயே நிணநீர்ப் புற்றுநோய் ஆகும்.

உறுப்பு மாற்றுக்குப் பின் நிணக்கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நிலைகள் அனைத்தும் சேர்ந்து 'உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய நிணக்கலப் பெருக்க நோய்' என வழங்கப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பு 2017 ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டில் இவை நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன.

* திசுவின் அமைப்பைச் சிதைக்காத தொடக்கநிலைப் பெருக்கம்
* பலவகை நிணக்கலங்கள் கலந்த பெருக்கம்
* ஒரே வகை நிணக்கலங்களால் ஆன பெருக்கம்
* ஆட்ஜ்கின் வகைப் புற்றுநோய்

2022 ஆம் ஆண்டின் வகைப்பாட்டில், உறுப்பு மாற்று, எச்.ஐ.வி. தொற்று, பிறவிக் குறைபாடு எனக் காரணம் எதுவாயினும், நோயெதிர்ப்புக் குறைவினால் வரும் நிணக்கலப் பெருக்கங்கள் அனைத்தும் ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன.

மூளையில் காணப்படுவது பெரும்பாலும் மூன்றாம் பிரிவைச் சேர்ந்ததாகும். அதிலும் 'பரவிய பெரிய பி நிணக்கலப் புற்றுநோய்' என்னும் வகையே மிகுதி. புற்றுநோய் மூளை, தண்டுவடம், அவற்றைச் சூழ்ந்த உறைகள், கண் ஆகியவற்றுக்குள் மட்டும் இருந்தால் அது முதன்மை நோய் எனப்படும். உடலின் பிற இடங்களில் தோன்றி மூளைக்குப் பரவியிருந்தால் அது இரண்டாம்நிலை நோய் எனப்படும்.

வரலாறு

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே தலைமையிலான குழு, ஒத்த இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டது. இருவரின் உடலும் மரபு வழியில் ஒன்றே ஆதலால் உறுப்பு தள்ளப்படவில்லை. நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. முர்ரேக்கு 1990 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரட்டையர் அல்லாதோருக்கிடையே உறுப்பு மாற்று கைகூடியது 1960களின் தொடக்கத்தில் அசாதயோபிரின் என்னும் மருந்தும் இயக்க ஊக்கி மருந்துகளும் சேர்ந்து பயன்படத் தொடங்கிய பின்னரே ஆகும். அதே பத்தாண்டின் இறுதிக்குள், உறுப்பு பெற்றவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வருவது கவனிக்கப்பட்டது. 1969 ஆம் ஆண்டு டென்வர் நகரில் பணியாற்றிய இசுரேல் பென், தாமஸ் ஸ்டார்சல் முதலியோர் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். உறுப்பு பெற்றவர்களின் நிணநீர்ப் புற்றுநோய் பிறரிடம் காணப்படுவதைப் போலன்றி அடிக்கடி மூளையைத் தாக்குகிறது என்பது அக்காலத்திலேயே வியப்பாகக் குறிக்கப்பட்டது.

இதற்கிடையில், வேறொரு திசையில் நிகழ்ந்த கண்டுபிடிப்பு இந்நோயின் காரணத்தை விளக்கிற்று. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், சிறுவர்களின் தாடையில் வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுக் கட்டியை 1958 ஆம் ஆண்டு விவரித்தார். அக்கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களை இலண்டனில் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்த ஆன்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் 1964 ஆம் ஆண்டு அதில் ஒரு புதிய தீநுண்மியைக் கண்டறிந்தனர். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதாக அறியப்பட்ட முதல் தீநுண்மி இதுவே ஆகும். உறுப்பு பெற்றவர்களின் கட்டிகளிலும் இதே தீநுண்மி உள்ளது என்பது பின்னர் தெரியவந்தது.

1980களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து வந்த பின் உறுப்பு மாற்று உலகெங்கும் பரவியது. 1984 ஆம் ஆண்டு ஸ்டார்சலும் அவருடைய குழுவினரும், நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகளைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ சிலருக்கு இக்கட்டிகள் தாமாகவே மறைகின்றன என்று அறிவித்தனர். தன் உடலின் எதிர்ப்பாற்றல் திரும்பினாலே புற்றுக் கட்டி கரையக்கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று. இன்றும் சிகிச்சையின் முதற்படி இதுவே.

நோய் உண்டாகும் முறை

எப்ஸ்டீன்-பார் தீநுண்மி உலகின் வயதுவந்தோருள் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் உடலில் உள்ளது. இது முதன்மையாக உமிழ்நீர் வழியே பரவுகிறது. இந்தியா போன்ற நாடுகளில் பெரும்பாலோருக்கு இது சிறு வயதிலேயே, குறிப்பிடத்தக்க அறிகுறி ஏதுமின்றித் தொற்றிவிடுகிறது. தொற்றிய பின் இது உடலை விட்டு நீங்குவதில்லை. பி நிணக்கலங்களுக்குள் அடங்கி, வாழ்நாள் முழுவதும் தங்கியிருக்கிறது.

இத்தீநுண்மிக்குத் தான் தங்கியுள்ள பி நிணக்கலத்தை ஓயாமல் பிரியச் செய்யும் திறன் உண்டு. நலமாயுள்ள உடலில் டி நிணக்கலங்கள் இடைவிடாது காவல் புரிந்து, அவ்வாறு பெருக முயலும் உயிரணுக்களை அழித்துவிடுகின்றன. எனவே பெரும்பாலோருக்கு இத்தீநுண்மியால் தீங்கு நேர்வதில்லை.

பொருத்தப்பட்ட உறுப்பை அயற்பொருளாகக் கண்டு தாக்குவதும் இதே டி நிணக்கலங்களே ஆகும். ஆகவே டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபீனோலேட், அசாதயோபிரின், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளால் அவற்றின் செயல் அடக்கப்படுகிறது. உறுப்பைத் தாக்கும் டி நிணக்கலத்தை மட்டும் அடக்கி, தீநுண்மியைக் காவல் செய்யும் டி நிணக்கலத்தை விட்டுவைக்கும் வல்லமை இம்மருந்துகளுக்கு இல்லை. காவல் தளர்ந்த நிலையில் தீநுண்மி தாங்கிய பி நிணக்கலங்கள் பெருகுகின்றன. அவற்றுள் சில மேலும் மரபணு மாற்றங்களை அடைந்து புற்றுநோயாகின்றன.

மூளை இதற்கு ஏற்ற இடமாக அமைவதற்கும் ஒரு காரணம் உண்டு. குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பினால், இயல்பாகவே மூளைக்குள் நோயெதிர்ப்புக் கண்காணிப்பு குறைவு. அதே தடுப்பு பல மருந்துகளையும் மூளைக்குள் செல்லவிடாமல் தடுக்கிறது.

நலமான எதிர்ப்பாற்றல் உள்ளவர்களுக்கும் மூளையில் நிணநீர்ப் புற்றுநோய் அரிதாக வருவதுண்டு. ஆனால் அவர்களுடைய கட்டிகளில் பொதுவாக எப்ஸ்டீன்-பார் தீநுண்மி இருப்பதில்லை. உறுப்பு பெற்றவர்களின் மூளைக் கட்டிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எனவே இவ்விரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் தோன்றும் முறையில் வேறானவை.

யாருக்கு வருகிறது

சிறுநீரகம் பெற்றவர்களுள் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காட்டினருக்கு நிணக்கலப் பெருக்க நோய் வருகிறது. இதயம், நுரையீரல் பெற்றவர்களுக்கு இது மேலும் மிகுதி. குடல் மாற்றுக்குப் பின் 20 விழுக்காடு வரையிலும் காணப்பட்டுள்ளது. இந்நோய் வந்தவர்களுள் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினருக்கே மூளை பாதிக்கப்படுகிறது. ஆகவே உறுப்பு பெற்ற ஒருவருக்கு மூளை நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவே ஆகும்.

ஆயினும் மூளை நோய் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களுள் பெரும்பான்மையோர் சிறுநீரகம் பெற்றவர்கள். உலகில் மிகுதியாக நடைபெறும் உறுப்பு மாற்று சிறுநீரக மாற்றே என்பது இதற்கு ஒரு காரணம். 2013 ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு அறிக்கை ஒன்றில் 84 நோயாளிகளின் விவரங்கள் தொகுக்கப்பட்டன. அவர்களுள் 79 விழுக்காட்டினர் சிறுநீரகம் பெற்றவர்கள். உறுப்பு மாற்றுக்கும் நோய் கண்டறியப்பட்டதற்கும் இடைப்பட்ட காலத்தின் நடுமதிப்பு 54 மாதங்கள், அதாவது நான்கரை ஆண்டுகள். எனவே அறுவை முடிந்து சில ஆண்டுகள் நலமாக இருந்துவிட்டதால் இனி இடர் இல்லை என்று கொள்ள இயலாது.

இடரை மிகுதிப்படுத்தும் காரணிகள்:

* உறுப்பு பெறுபவருக்கு முன்னர் எப்ஸ்டீன்-பார் தொற்று இல்லாதிருந்து, கொடையாளருக்கு அது இருத்தல். சிறு குழந்தைகள் பெற்றோரிடமிருந்து உறுப்பு பெறும்போது இந்நிலை நேரக்கூடும்.
* நோயெதிர்ப்பு ஒடுக்கத்தின் மொத்த அளவு. உறுப்பு தள்ளப்படும்போது தரப்படும் கடும் மருந்துகள், குறிப்பாக டி நிணக்கலங்களை அழிக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் இதில் அடங்கும்.
* மருந்தின் வகை. சில ஆய்வுகள் மைக்கோஃபீனோலேட் மருந்துக்கும் மூளை நோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் கூறுகின்றன. எனினும் அம்மருந்து உறுப்பைக் காப்பதில் சிறந்தது ஆதலால் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது.

2011 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெலட்டாசெப்ட் என்னும் மருந்து, எப்ஸ்டீன்-பார் தொற்று முன்னர் ஏற்படாதவர்களுக்குத் தரப்படலாகாது என்ற எச்சரிக்கையுடனேயே வெளிவந்தது. அத்தகையோருக்கு நிணக்கலப் பெருக்க நோய், குறிப்பாக மூளையில், மிகுதியாகக் காணப்பட்டதே அதற்குக் காரணம் ஆகும்.

அறிகுறிகள்

கட்டி மூளையின் எப்பகுதியில் உள்ளது என்பதைப் பொறுத்து அறிகுறிகள் வேறுபடும்.

* நாட்கணக்கில் நீடித்து மிகுந்துகொண்டே வரும் தலைவலி, வாந்தி
* ஒரு பக்கக் கை, கால் வலுவிழத்தல்
* பேச்சுக் குழறல், சொற்கள் நினைவுக்கு வராமை
* முன்னர் இல்லாத வலிப்பு
* மறதி, மந்தம், நடத்தை மாற்றம்
* நடையில் தள்ளாட்டம்
* பார்வைக் குறைவு, இரட்டைப் பார்வை

இவற்றுள் நடத்தை மாற்றமே எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது. நாள்தோறும் தவறாமல் மருந்து எடுத்துக்கொண்டவர் வேளையை மறப்பது, வீட்டுக் கணக்கில் பிழை செய்வது, காரணமின்றிப் பேச்சைக் குறைத்துக்கொள்வது போன்றவை மூப்பு என்றோ மனச்சோர்வு என்றோ கொள்ளப்படுகின்றன. இவற்றை முதலில் காண்பவர்கள் வீட்டாரே ஆவர். பக்கவாதம் நொடிகளில் அல்லது நிமிடங்களில் தோன்றுவது. இந்நோயின் அறிகுறிகளோ பொதுவாக நாட்கள் அல்லது வாரக்கணக்கில் வளர்வன. ஆனால் வலிப்பு திடீரெனத் தோன்றக்கூடும்.

காய்ச்சல், எடை இழப்பு, கழுத்திலோ அக்குளிலோ கணு வீக்கம் ஆகிய நிணநீர்ப் புற்றுநோயின் வழக்கமான அடையாளங்கள் மூளையில் மட்டும் நோய் உள்ளவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

நோய் அறிதல்

காந்த அதிர்வு அலை வரைவு என்னும் எம்.ஆர்.ஐ. ஆய்வே முதன்மையானது. நலமான எதிர்ப்பாற்றல் உள்ளவர்களின் மூளை நிணநீர்ப் புற்றுநோய் படத்தில் ஒரே சீரான வெண்மையாகத் தோன்றும். உறுப்பு பெற்றவர்களிடம் கட்டியின் நடுப்பகுதி அழிந்துபோவதால், விளிம்பு மட்டும் ஒளிர்ந்து வளையம்போலக் காட்சி தரும். ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்களும் இருக்கலாம்.

இந்தியச் சூழலில் இங்கேதான் சிக்கல் எழுகிறது. மூளையில் வளையம்போலத் தோன்றும் நோய்கள் பல உள்ளன.

* மூளைக் காசநோய்க் கட்டி
* நாடாப்புழுவின் இளநிலையால் ஏற்படும் மூளைக் கொப்புளம்
* டாக்சோபிளாஸ்மா தொற்று
* நொக்கார்டியா, பூஞ்சை முதலியவற்றால் வரும் சீழ்க்கட்டி
* பிற மூளைப் புற்றுக் கட்டிகள்

வலிப்புடன் வருபவர்களிடம் ஒற்றை வளையம் காணப்படும்போது, அது நாடாப்புழுக் கொப்புளமா காசநோய்க் கட்டியா எனப் பிரித்தறிவதற்கான விதிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்களான வேதாந்தம் ராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோர் வகுத்தனர். வளையத்தின் அளவு 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருத்தல், மூளையின் நடுக்கோடு விலகாதிருத்தல், நோயாளிக்கு வளர்ந்துவரும் நரம்புக் குறைபாடோ வேறு உடல் நோயோ இல்லாதிருத்தல் என்பன அவற்றுள் அடங்கும். இவ்விதிகளால் பலர் தேவையற்ற மூளை அறுவையிலிருந்து தப்பினர். ஆனால் இவை மற்றபடி நலமாக உள்ளோருக்கு வகுக்கப்பட்டவை. எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்ட ஒருவரிடம் காணப்படும் வளையத்தை இவற்றைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது.

காசநோய் உறுப்பு பெற்றவர்களிடம் உண்மையிலேயே மிகுதியாக வருவதால், திசு ஆய்வின்றிக் காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் எண்ணம் இயல்பானது. அதில் இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, மூளைக் காசநோய்க்குக் கூட்டு மருந்துகளுடன் டெக்சாமெத்தாசோன் போன்ற இயக்க ஊக்கி மருந்தும் தரப்படுகிறது. இம்மருந்து நிணநீர்ப் புற்றுக் கட்டியையும் சில நாட்களிலேயே சுருங்கச் செய்யும். நோயாளி தெளிவடைவார், தலைவலி குறையும், படத்திலும் கட்டி சிறுத்திருக்கும். காசநோய் மருந்து வேலை செய்கிறது என்று அனைவரும் நம்புவர். இந்த முன்னேற்றம் நிலைப்பதில்லை. வாரங்கள் கழித்துக் கட்டி மீண்டும் வளரும். இடையில் திசு எடுத்துப் பார்த்தாலும் அழிந்த உயிரணுக்களே கிடைத்து, நோய் இன்னதெனத் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. குருதியில் அவற்றின் அளவு வெகுவாகக் குறைந்து, பொருத்தப்பட்ட உறுப்பு தள்ளப்படக்கூடும். ஆகவே தவறான ஊகத்தினால் காலமும் உறுப்பும் ஒருங்கே இழக்கப்படலாம்.

இக்காரணங்களால், பயாப்சி எனப்படும் திசு ஆய்வே நோயை உறுதிசெய்யும் வழியாகக் கொள்ளப்படுகிறது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, படத்தின் துணையுடன் கணக்கிடப்பட்ட திசையில் மெல்லிய ஊசியைச் செலுத்தித் துளித் திசு எடுக்கப்படுகிறது. இயன்றவரை இயக்க ஊக்கி மருந்து தருவதற்கு முன்பே இதனைச் செய்தல் நன்று. மூளை வீக்கத்தால் உயிருக்கே இடர் என்னும் நிலையில் மருந்தைத் தள்ளிப்போட இயலாது. எடுக்கப்பட்ட திசுவில் எப்ஸ்டீன்-பார் தீநுண்மியின் அடையாளம் உள்ளதா எனவும் பார்க்கப்படுகிறது.

பாதுகாப்பாக எடுக்கக்கூடிய நிலையில், முதுகுத்தண்டின் வழியே எடுக்கப்படும் மூளைத் தண்டுவடப் பாய்மத்திலும் புற்று உயிரணுக்களும் தீநுண்மியின் டி.என்.ஏ.வும் தேடப்படுகின்றன. குருதியில் தீநுண்மி காணப்படவில்லை என்பதால் மட்டும் மூளை நோய் இல்லை என்று முடிவு செய்தல் கூடாது. உடலின் பிற பகுதிகளில் நோய் உள்ளதா என அறிய, முழு உடல் பெட்-சி.டி. ஆய்வும் கண் ஆய்வும் செய்யப்படுகின்றன.

சிகிச்சை

நோயெதிர்ப்பு ஒடுக்கத்தைக் குறைத்தல்

முதலில் ஒடுக்கி மருந்துகள் குறைக்கப்படுகின்றன அல்லது அவற்றுள் சில நிறுத்தப்படுகின்றன. எதனை, எவ்வளவு, எவ்வளவு விரைவாகக் குறைப்பது என்பதை உறுப்பு மாற்று மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர். சிறுநீரகம் பெற்றவர் அதனை இழக்க நேர்ந்தால், குருதித் தூய்மிப்பு என்னும் டயாலிசிசுக்குத் திரும்பி உயிர்வாழ இயலும். இதயம், கல்லீரல், நுரையீரல் பெற்றவர்களுக்கு அத்தகைய மாற்று வழி இல்லை. எனவே ஒரே நோய்க்கு, உறுப்பைப் பொறுத்து முடிவு வேறுபடும்.

நோயாளியோ வீட்டாரோ தாமாகவே மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் பெருந்தவறு. அவ்வாறு செய்தால் சில நாட்களில் அல்லது வாரங்களில் உறுப்பு பழுதடையலாம்.

மருந்துகள்

மூளை நோயில் ஒடுக்கத்தைக் குறைப்பது மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. மிகுந்த அளவில் சிரைவழி தரப்படும் மெத்தோடிரெக்சேட், மூளைத் தடுப்பைக் கடந்து செல்லும் முதன்மை மருந்தாகும். இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. சிறுநீரக மாற்று பெற்றவரின் ஒற்றைச் சிறுநீரகம் முழு ஆற்றலுடன் இயங்காதபோது மருந்து உடலில் தங்கி நஞ்சாகும். அதற்காக அளவு குறைக்கப்படுகிறது. மிகுந்த நீர்மம் ஏற்றப்படுகிறது. சிறுநீர் காரத்தன்மையில் வைக்கப்படுகிறது. ஃபோலினிக் அமிலம் மாற்று மருந்தாகத் தரப்படுகிறது. குருதியில் மருந்தின் அளவு நாள்தோறும் அளக்கப்படுகிறது.

பி நிணக்கலங்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி.20 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை அழிக்கும் ரிட்டக்சிமாப் மருந்தும் பயன்படுகிறது. இம்மருந்தின் மிகச் சிறு பங்கே மூளைத் தடுப்பைக் கடக்கிறது. எனினும் கட்டியுள்ள இடத்தில் அத்தடுப்பு சிதைந்திருப்பதால் பயன் கிடைக்கிறது. சைட்டராபின் முதலிய பிற மருந்துகளும் சேர்க்கப்படுவதுண்டு.

தீநுண்மி எதிர்ப்பு மருந்துகள் தனித்துப் பயன் தருவதில்லை. கட்டியிலுள்ள தீநுண்மி உறக்க நிலையில் இருப்பதால், கான்சைக்ளோவிர் போன்ற மருந்துகள் செயற்படத் தேவையான நொதியை அது உருவாக்குவதில்லை.

கதிர் மருத்துவம்

கதிர்வீச்சுக்கு இக்கட்டி நன்கு சுருங்கும். ஆனால் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு தரப்பட்டவர்களுக்கு, குறிப்பாக முதியோருக்கு, பின்னாளில் நினைவாற்றலும் நடையும் குன்றலாம். மருந்துகளைத் தாங்க இயலாதோருக்கும் மருந்தினால் பயன் பெறாதோருக்கும் இது பெரிதும் கைகொடுக்கிறது. பல இடங்களில் பரவி நிற்கும் நோய் என்பதால், கட்டியை அறுத்து அகற்றுதல் வழக்கமான சிகிச்சை அன்று.

உயிரணுச் சிகிச்சை

இழந்த காவலையே திரும்ப அளிப்பது இச்சிகிச்சையின் அடிப்படை. எப்ஸ்டீன்-பார் தீநுண்மியைத் தாக்கப் பழக்கப்பட்ட, நலமான கொடையாளரின் டி நிணக்கலங்கள் நோயாளிக்குச் செலுத்தப்படுகின்றன. இவ்வகையைச் சேர்ந்த டேபிலெக்லூசெல் 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்புதல் பெற்றது. முன் சிகிச்சையில் பயன் பெறாத, தீநுண்மி சார்ந்த நிணக்கலப் பெருக்க நோய்க்கு இது தரப்படுகிறது.

நோயின் போக்கு

இது கடுமையான நோய். மேலே கூறிய 2013 ஆம் ஆண்டு அறிக்கையில், சிகிச்சை பெற்றவர்களுள் 60 விழுக்காட்டினரிடம் கட்டி சுருங்கியது. 13 விழுக்காட்டினர் சிகிச்சையின் பக்க விளைவுகளால் இறந்தனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 43 விழுக்காட்டினர். தொடக்கச் சிகிச்சைக்கு நல்ல பயன் கண்டவர்களின் வாய்ப்பு இதனினும் மேலானது. நெடுநாள் நலமாக வாழ்வோரும் உண்டு.

தமிழ்நாட்டில்

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971 ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. 1994 ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை இறப்பாக ஏற்று, உறுப்பு விற்பனையைத் தடை செய்தது. 2008 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புக் கொடை பெறும் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் மாணவர் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் அவரது உறுப்புகளைக் கொடையளித்தது மாநிலமெங்கும் விழிப்புணர்வை உண்டாக்கியது. 2014 ஆம் ஆண்டு இப்பணிக்கெனத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைக்கப்பட்டது. உறுப்புக் கொடையளிப்போரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளும் அடங்கும்.

இவற்றின் விளைவாக, மாற்றுறுப்புடன் பல்லாண்டு வாழ்வோரின் எண்ணிக்கை பெருகியுள்ளது. நெடுங்காலம் வாழ்வோர் பெருகும்போது, நெடுங்காலம் கழித்து வரும் சிக்கல்களும் ஆங்காங்கே தோன்றவே செய்யும்.

திருச்சிராப்பள்ளி மாநிலத்தின் நடுவே அமைந்த நகரம் ஆதலால், பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் ஆகிய மாவட்டத்தாரும் மருத்துவத்துக்காக இங்கு வருகின்றனர். இங்குள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. நகரில் இன்று சிறுநீரக மாற்று அறுவையும் நடைபெறுகிறது. எனினும் முன்னாட்களில் சென்னையிலோ வேலூரிலோ உறுப்பு பெற்றவர்கள் தொடர் கண்காணிப்புக்கு அங்கேயே செல்வது வழக்கம். சென்னை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

எடுத்துக்காட்டாக, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள தீவான திருவரங்கத்தில் வாழும் ஒருவர், ஐந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையில் சிறுநீரகம் பெற்றவர் எனக் கொள்வோம். அவருக்குத் தலைவலியும் தடுமாற்றமும் தோன்றினால், வீட்டார் முதலில் அருகிலுள்ள மருத்துவரிடமே அழைத்துச் செல்வர். பல ஆண்டுகள் கடந்துவிட்டதால் உறுப்பு மாற்றைப் பற்றிக் கூறாமலும் விடக்கூடும். அம்மருத்துவருக்கு அச்செய்தி தெரிந்தால் அவருடைய எண்ணம் செல்லும் திசையே வேறாகும். பின்வருவன இத்தகைய நிலையில் பயன்படும்.

* உறுப்பு மாற்று செய்யப்பட்ட நாள், மருத்துவமனை, தற்போது எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதி எப்போதும் உடன் வைத்திருத்தல்
* எந்த மருத்துவரைக் காணச் சென்றாலும் முதலில் உறுப்பு மாற்றைப் பற்றிக் கூறுதல்
* புதிதாகத் தோன்றிய தலைவலி, வலிப்பு, நடத்தை மாற்றம் ஆகியவற்றை உறுப்பு மாற்று மருத்துவமனைக்கும் உடனே தெரிவித்தல்
* புதிய மருந்து எதுவாயினும், குறிப்பாகக் காசநோய் மருந்தும் இயக்க ஊக்கி மருந்தும் தொடங்கும் முன், உள்ளூர் மருத்துவர் உறுப்பு மாற்று மருத்துவருடன் கலந்து பேசுதல்

தடுப்பு

இந்நோயை முழுமையாகத் தடுக்கும் வழி இதுவரை இல்லை. எப்ஸ்டீன்-பார் தீநுண்மிக்கு ஒப்புதல் பெற்ற தடுப்பூசியும் இல்லை. உறுப்பு மாற்றுக்கு முன் கொடையாளர், பெறுபவர் இருவருக்கும் இத்தொற்று உள்ளதா என அறிதல், இடர் மிகுந்தோருக்குக் குருதியில் தீநுண்மியின் அளவைக் குறித்த காலங்களில் பார்த்தல், உறுப்பைக் காக்கத் தேவையான மிகக் குறைந்த அளவிலேயே ஒடுக்கி மருந்துகளைத் தருதல் ஆகியவை கடைப்பிடிக்கப்படுகின்றன.

இந்நோயைக் கண்டு அஞ்சி உறுப்பு மாற்றைத் தவிர்ப்பது பொருத்தமன்று. சிறுநீரகம் செயலிழந்தவர்களுள் தகுதியுடையோருக்கு, டயாலிசிசில் தொடர்வதைவிட மாற்றுச் சிறுநீரகம் பெறுவதே பொதுவாக நீண்ட வாழ்நாளைத் தருகிறது. நோய் அரிதானது. ஆனால் வரும்போது விரைவில் அறியப்பட வேண்டியது.

இவற்றையும் பார்க்கவும்

* உறுப்பு மாற்று
* சிறுநீரகச் செயலிழப்பு
* நிணநீர்ப் புற்றுநோய்
* எப்ஸ்டீன்-பார் தீநுண்மி
* மூளைச்சாவு
* காசநோய்